சிலிண்டருக்குள் மூச்சு வாங்கியது யார்?

போன வாரம் ஆவடியில், காற்றில் ஒரு மெழுகுவர்த்தி அணைவதைப் பார்த்தேன். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அந்தக் காற்று அசையவே இல்லை.

சொல்கிறேன்.

ரயிலடிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் காலி செய்தது. இப்போது ஒரு வெள்ளைக்கார கான்ட்ராக்டர் கையில். துறைமுகத்தில் மூழ்கிய படகுகளைத் தூக்குவது அவர் தொழில். அவருடைய ஆட்கள் முதுகில் கட்டிக்கொண்டு கடலில் முங்கும் காற்று சிலிண்டர்களை இங்கேதான் சோதித்து நிரப்புகிறார்கள். சோதிப்பவர் லாசர். முங்குகிறவர் ஜோசப் — லாசரின் தங்கையைக் கட்டியவர், என் பக்கத்து வீட்டுக்காரர். அந்த உரிமையில் தொற்றிக்கொண்டு போனேன்.

லாசர் ஒரு சிலிண்டரை மரச்சுத்தியால் தட்டினார். மணிபோல நெடுநேரம் பாடியது. அதற்குள் தண்ணீர் நிரப்பி, தொட்டியில் இறக்கி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினார். இரும்பு மயிரிழை உப்பியது... அழுத்தத்தை விட்டதும் பழைய உருவத்துக்குத் திரும்பியது. திரும்பினால் சிலிண்டரின் தோளில் முத்திரை. திரும்பாவிட்டால் துளை போட்டுத் தூக்கி எறிவார்கள். மூச்சை இழுத்து, அடக்கி, விடுகிற இரும்பு!

மறுநாள் காலை ஜோசப் ஒரு படகின் அடிவயிற்றுக்குள் நுழைய வேண்டும். சுவரோரம் நின்ற சிலிண்டர்களில் ஒன்றை எடுத்தார். மழைக்காலத்தில் நிரப்பியது. முத்திரை சரி, அழுத்தமானியின் முள்ளும் ஏறக்குறைய நிறைவாகக் காட்டியது. ஆனாலும் பையிலிருந்து வாயகன்ற கண்ணாடி பாட்டில் ஒன்றையும், மெழுகுவர்த்தித் துண்டையும் எடுத்தார். அது அவருடைய வழக்கமாம்.

"மாதாவுக்கு ஏத்தாத மெழுகுவத்திய சிலிண்டருக்கு ஏத்தறான் பாரு!" என்றார் லாசர். "இன்னா மாப்ளே, நான் போட்ட முத்திர மேல நம்பிக்க இல்லியா?"

"உம்மேல நம்பிக்க கீது மச்சான். உன் தங்கச்சி தாலி மேல ஆச ஜாஸ்தியா கீது."

ரப்பர் குழாய் வழியே சிலிண்டர் காற்றை பாட்டிலில் நிரப்பினார் ஜோசப். வால்வை மூடினார். எல்லாம் அடங்கும்வரை காத்திருந்து, கம்பியில் கட்டிய மெழுகுவர்த்தியை உள்ளே இறக்கினார்.

சுடர் ஆடவில்லை. நடுங்கவில்லை. இரண்டு விரல் கிள்ளியதுபோல அணைந்தது.

"கை ஆடிட்சி. இன்னொருவாட்டி பாரு," என்றார் லாசர்.

மறுபடியும் அணைந்தது. வேறொரு சிலிண்டரின் காற்றில் அதே சுடர் நிமிர்ந்து எரிந்தது.

லாசர் முதல் சிலிண்டரைத் திறந்துவிட்டார். சீறி ஓய்ந்ததும் வால்வைக் கழற்றி, சின்ன பல்ப் ஒன்றை உள்ளே இறக்கினார். உட்சுவரெல்லாம் துருவின் சிவப்பு. அடியில் வெற்றிலை எச்சில் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர்.

"சோதிச்ச பின்னாடி அனல்ல காய வெச்சுத்தான் ரொப்பணும்," என்றார், எங்களைப் பார்க்காமல். "அன்னிக்கி மய. கரியெல்லாம் நனைஞ்சி பூட்ச்சி. தண்ணிக்குள்ள போற சாமான்தானே, நாலு சொட்டு உள்ள கெடந்தா இன்னான்னு..."

துருப்பிடிக்கவும் பிராணவாயு வேண்டும் அல்லவா? இருட்டில், ஈர இரும்பு மாதக்கணக்கில் அதைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. மிச்சம் வைத்தது — மூச்சு விட்டு முடித்த எச்சில் காற்று. கடலடியில் ஜோசப்புக்கு மூச்சு முட்டியிருக்காது; எந்தக் குறையும் தெரிந்திருக்காது. இழுத்து இழுத்தே தூங்கிப்போயிருப்பார்.

வெடிக்குமா என்றுதான் நாம் எதையும் சோதிக்கிறோம். வெடிக்காமல் கொல்வதை என்ன செய்ய?

"மச்சான், அந்த மயையில எத்தினி ரொப்பின?"

லாசர் சுவரோரம் பார்த்தார். "நெனப்பு இல்ல மாப்ளே."

வரிசையாக நின்றன அவை. ஒரே உயரம், ஒரே முத்திரை.

ஜோசப் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "எல்லாத்தையும் தொற."

அன்று பொழுது சாயும்வரை அந்தக் கொட்டகை சீறிக்கொண்டே இருந்தது. நான் வாசலுக்கு வெளியே வந்து நின்றுதான் மூச்சு விட்டேன்.