உள்ளங்கைச் சீனி

மகளின் பாலர் பாடசாலையிலிருந்து நேற்று போனுக்குச் செய்தி வந்தது. மாறுவேடப் போட்டிக்கு அவள் கொழுந்து பறிக்கும் பெண்ணாக வர வேண்டுமாம். மாதிரிக்கு ஒரு படம்: கிழிந்த சேலை, கன்னத்தில் கரி. என் அம்மா மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். ஒருநாளும் கன்னத்தில் கரியோடு மலைக்குப் போனதில்லை. டீச்சரிடம் சொல்லலாமா, சொன்னால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களா என்று பாதி நாள் யோசித்தேன். எனக்கு எதற்குமே பாதி நாள் வேண்டும்.

அந்தப் படந்தான் நாங்கள் வாசித்த நாடகத்தை நினைவுபடுத்தியது.

கல்யாணத்துக்கு முன்பு பசறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் பதுளையில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் ஐந்தாறு பேர் கூடி நாடகம் வாசிப்போம். நடிப்பதெல்லாம் இல்லை, புதுத்துணியின் கஞ்சி வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து வாசிப்பதுதான். கடைக்காரரின் மகன்தான் எங்களைக் கூட்டியவர். இன்று என் கணவர். அப்போதே நாங்கள் பேசி முடிவெடுத்திருந்தோம். ஆனால் தன் அம்மாவிடம் என்னை டவுன் பிள்ளை என்று சொல்லிவைத்திருந்தார். "மொதல்ல அம்மாவுக்கு ஒன்னயப் புடிக்கட்டும். மத்ததப் பெறகு சொல்லிக்கலாம்" என்பார். தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்தால் கல்யாணமே நின்றுவிடும் என்று ஒவ்வொரு சனியும் பயந்துகொண்டேதான் போவேன்.

பாருங்கள், எங்களில் ஒருவர் எழுதிக்கொண்டுவந்த நாடகமும் அதே கதை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்த ஒருத்தி, அதை மறைத்துக் கடைக்காரர் மகனைக் கட்டப் பார்க்கிறாள். அவன் வீட்டுக்கு வந்த இடத்தில், தோட்டத்துப் பழக்கத்தில் சீனியைக் கோப்பையில் போடாமல் உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டே, பாலில்லாத பிளேன்டீ குடிக்கிறாள். மாட்டிக்கொள்கிறாள். அவள் வசனம் எனக்கு வந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்பார்களே, வாசித்தேன்.

அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, எல்லாருக்கும் தேத்தண்ணீர் வைத்துவிட்டு, தானும் ஒரு கோப்பையோடு மூலையில் உட்கார்ந்து கேட்டார். நாடகத்து மாமியாரின் வசனம் வாசித்தவர், "சீனிய நக்கிக் குடிக்கிறவளுக்கா எம் மகன்?" என்று முழங்கியதும் ஒரே சிரிப்பு. பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மூலையில் அத்தையின் உள்ளங்கையில் சீனி.

"என்னம்மா இது?" என்றார் மகன்.

"சீனிதான்டா. எங்கம்மா லுணுகலையில கொழுந்து எடுத்தவ. நானும் லயத்துல பொறந்தவதான். வெளிய சொல்லாதன்னு ஒங்கப்பாதான் இருந்தவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு."

மகனுக்கே அது புதுச் செய்தி. அத்தை நிதானமாக ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சர் எந்தத் தோட்டம்?"

"மடுல்சீமைப் பக்கங்க" என்றேன்.

"அதான் பார்த்தேன். வாசிக்கிறப்போ மொகமே சரியில்ல." பிறகு எழுதியவரிடம், "தம்பி, வேற ஏதாச்சும் கண்டுபிடிங்க. இத வச்சா பதுளையில பாதிப் பேரு மாட்டிக்குவாங்க."

நாடகம் அதோடு நின்றது. கல்யாணம் நடந்தது. கடை கைமாறிவிட்டது, மேல்மாடியில் இப்போது போன் திருத்துகிறார்கள்.

பிறகு அத்தையோடு ஒரே வீட்டில் இருந்த காலமெல்லாம் அவர் கையில் சீனி வைத்துக் குடித்து நான் பார்த்ததில்லை. கோப்பையில் போட்டு, கரண்டியால் கலக்கித்தான் குடிப்பார். அன்றைக்கு யோசிக்காமல் செய்தாரா, எனக்காகச் செய்தாரா? கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார்.