சேலை காயும்வரை

எங்கள் ரப்பர் தோட்டத்தில் தண்ணீர் குடிக்கவும் பெயர் வேண்டும். எண்பத்து மூன்றாம் வருட வறட்சியில் ஓடை வற்றியதும் ஆபீஸ் ஒரு சட்டம் போட்டது. வேலையாட்களின் பெயர் எழுதும் செக்ரோலில் யார் பெயர் இருக்கிறதோ, அவருக்கு நாளுக்கு ஒரு மண்ணெண்ணெய் டின் தண்ணீர். பெயர் இல்லாதவருக்குத் தாகம் எடுக்காதா என்று ஆபீசில் ஒருவரும் யோசிக்கவில்லை.

பக்கத்து வீட்டு நவமணி அக்காவுக்குப் பெயர் இல்லை. முப்பத்தாறு வருடம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். ஐம்பத்தைந்து வயதானதும் பெயரை எடுத்துவிட்டார்கள். அவர் புருஷன் ராமையாவுக்கும் இல்லை. வாதம் வந்து, பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து, படுத்த படுக்கையாக வீடு திரும்பியவர் அவர். மகள் பாப்பாவின் பெயருக்கு வரும் ஒரு டின்னில்தான் மூன்று பேருடைய பாடும். ராமையாவின் முதுகில் புண் விழுந்திருந்தது. தினமும் கழுவாவிட்டால் உள்ளே போய்விடும் என்று தோட்டத்தில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர் எச்சரித்திருந்தார்.

ஒரு நாள் விடிகாலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நாங்கள் பெயர் கொடுக்க வரிசையாக நின்றபோது, அக்காவும் என் பின்னால் வந்து நின்றார்.

"என்ன நவமணி, இந்த வயசுலயா?" என்றார் பெயர் பதியும் கிராணி ஜெயபாலன்.

"பேர எழுதுங்கய்யா. எந்த வேலைன்னாலும் செய்றேன்லா."

"தொரை பங்களால புல்லுக்குத் தண்ணி விட ஆள் வேணும். ஆனா அது தினக்கூலி. செக்ரோல்ல ஏத்த மாட்டேன், டின்னும் கிடையாது."

பங்களாவுக்குத் தனிக் கிணறு, தனி மோட்டார். புல் பச்சைப்பசேலென்று நிற்கும். "சரிங்கய்யா, போறேன்," என்றார் அக்கா.

பங்களா கேட்டைத் தாண்டி ஒரு போத்தல் தண்ணீர்கூட வெளியே போகக்கூடாது. அக்கா முதல் நாளே வழி கண்டுபிடித்தார். வேலை முடிந்ததும் ரப்பர் குழாயைத் தன் தலைமேல் பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட வீட்டுக்கு நடந்து வந்தார். சேலையைப் பிழிந்தால் இரண்டு செம்பு தேறும். அதில் ராமையாவின் முதுகைக் கழுவினார். ஒன்பது நாள் இப்படியே போனது. புண்ணின் ஓரம் லேசாகக் காயத் தொடங்கியது.

யார் வத்தி வைத்தார்களோ, பத்தாம் நாள் கிராணி கேட்டில் வந்து நின்றார்.

"சேலை காஞ்ச பொறவு வீட்டுக்குப் போ. இதுவும் தண்ணி கடத்துறதுதான்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அக்கா தினமும் கேட்டருகே வெயிலில் உட்கார்ந்திருந்தார். உள்பாவாடையில் மிஞ்சும் ஈரத்தோடு வந்து புருஷனைத் துடைத்தார். அது போதவில்லை. புண் உள்ளே போனது, காய்ச்சல் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ராமையா இறந்தார். ஓடிப்போய்ச் சொன்னது நான்தான். அப்போதும் அக்கா கேட்டருகே சேலை காயக் காத்திருந்தார்.

சாவு வீட்டுக்கு மட்டும் ஆபீஸ் குறை வைக்காது. ஒரு மணி நேரத்தில் டிராக்டரில் இரண்டு தோங் பீப்பாய் நிறையத் தண்ணீர் வந்து இறங்கியது. அத்தனை தண்ணீரை எங்கள் லயத்து வீடுகளில் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

குளிப்பாட்ட வந்த சன்னாசி மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு கொடம் போதும்லா அக்கா. மிச்சத்த எல்லாரும் பங்கு போட்டுக்கலாம்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் கையிலும் வாளி இருந்தது.

"யாரும் தொடாதீங்க," என்றார் அக்கா. ஆம்பளைப் பிணத்தை ஆண்கள் குளிப்பாட்டுவதுதான் எங்கள் வழக்கம். அவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு, புருஷனைத் தானே ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகிலிருந்து ஆரம்பித்தார். அவசரமே இல்லை. இரண்டாவது தோங்கின் அடி தெரியும்வரை ஊற்றினார். தண்ணீர் வாசலைத் தாண்டிக் கால்வாயில் இறங்கி ஓடியது. நாங்கள் வாளிகளோடு பார்த்துக்கொண்டு நின்றோம்.