உளுந்தில் விழுந்த மாப்பிள்ளை

போன ஞாயிறு காலை, புதுச்சத்திரம் தாண்டிப் பழைய ரோட்டில், என் தங்கை வீட்டுக்காரர் உளுந்தில் வழுக்கி விழுந்தார்.

உளுந்தில் எப்படி விழ முடியும் என்று சென்னை வாசகர்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்க மாட்டார்கள். பங்குனி பிறந்தால் இங்கே சாலையில் பாதி களமாகிவிடும். பிடுங்கிய உளுந்துச் செடியை அப்படியே தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ், லாரி, வேன் எல்லாம் ஏறி ஏறிப் போக, காய் வெடித்து உளுந்து உதிரும். டீசல் செலவு பஸ்காரருக்கு, உளுந்து இவர்களுக்கு. நல்ல ஏற்பாடுதான்... கனமான சக்கரத்துக்கு. விரல் தடிமன் டயரில் பறந்து வருகிற சைக்கிள்காரனுக்கு அது கோலிக்குண்டு கொட்டிய மொசைக் தரை.

மாப்பிள்ளை பெயர் குணசேகர். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை. என்னைவிட ஆறு வயது சின்னவர், என்னைவிட ஒரு மூட்டை எடை குறைந்தவர். நாலு வருஷத்துக்கு முன்பு டாக்டர் என் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "இது கல்லீரலா, வெண்ணெய்க் கடையா?" என்று கேட்டதில் ரோஷம் வந்து ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கினேன். அடுத்த வாரமே மாப்பிள்ளையும் வாங்கினார். அன்றிலிருந்து ஞாயிறு தோறும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பந்தயம். ஊர் எல்லையில் இருக்கிற வரவேற்புப் பலகைதான் முடிவுக்கோடு. அப்புறம் ஓட்டலில் இட்லி, கொத்சு. திரும்பி வரும்போது பந்தயம் கிடையாது. கொத்சு சாப்பிட்டவனால் எப்படி முடியும்?

எங்களோடு டேவிட் என்று ஒரு பி.டி. மாஸ்டரும் வருவார். சின்னப் பையன், முப்பதுகூட ஆகவில்லை. நாங்கள் ஆலப்பாக்கத்தில் மூச்சு வாங்கும்போது அவர் ஓட்டலில் கை கழுவிக்கொண்டிருப்பார். அவரைப் போட்டியில் சேர்ப்பதில்லை. போட்டி எனக்கும் மாப்பிள்ளைக்கும்தான்.

இந்த நாலு வருஷத்தில் ஒரு தடவையாவது நான் மாப்பிள்ளையை முந்தியிருக்கிறேனா?

இல்லை.

மழை பெய்த வாரம் முந்தவில்லை. அவருக்கு ஜுரம் வந்த வாரம் முந்தவில்லை. மற்றவர்கள் இந்த ரோட்டில் வயல் பார்ப்பார்கள், சவுக்குத் தோப்பு பார்ப்பார்கள். நான் பார்த்த இயற்கைக் காட்சி மாப்பிள்ளையின் முதுகு மட்டும்தான். சைக்கிளில் நான் வாழ்க்கையிலேயே வாங்கிய ஒரே பரிசு, காலேஜ் படிக்கும்போது தெருப் பொங்கல் விழாவில் ஸ்லோ சைக்கிள் ரேஸுக்குக் கொடுத்த எவர்சில்வர் சோப்பு டப்பா. கடைசியாக வருகிறவனுக்குத்தான் அதில் முதல் பரிசு. அந்தத் திறமை எனக்கு இயற்கையிலேயே உண்டு.

இப்போது மாப்பிள்ளைக்கு ஓசூருக்கு மாற்றல். போன ஞாயிறுதான் எங்களுடைய கடைசிப் பந்தயம். அதாவது எனக்குக் கடைசி வாய்ப்பு. முந்தின நாளே சீக்கிரம் படுத்தேன். ராகிக் கஞ்சி குடித்தேன். பிரேக் கம்பிக்குக்கூட எண்ணெய் போட்டேன்.

அப்படிப்பட்ட நாளில், சிதம்பரத்துக்குக் கொஞ்ச தூரமே இருக்கும்போது, என் கண் முன்னால் அவர் விழுகிறார்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிற இரண்டொருவருக்கு நினைவிருக்கும். ஐரோப்பாவில் நடக்கிற பெரிய சைக்கிள் பந்தயங்களைப் பற்றிப் போன வருஷம் இதே இடத்தில் உருகி உருகி எழுதினேன். அங்கே எழுதாத சட்டங்கள் சில உண்டு. பந்தயத்தில் முன்னணியில் இருக்கிறவர் கீழே விழுந்தாலோ, செயின் கழன்றாலோ, மற்றவர்கள் வேகத்தைக் குறைத்துக் காத்திருப்பார்கள். ஒன்றுக்கு ஒதுங்கியவரை விட்டுவிட்டு ஓடக் கூடாது. எந்த ரூல் புத்தகத்திலும் இது இல்லை. மீறினால் அபராதமும் இல்லை. ஆனால் மீறியவரை அடுத்த நாள் ரோட்டோரத்தில் நிற்கிற ஜனங்களே ஊளையிட்டு அனுப்புவார்கள். "இதுவல்லவோ வீரம்" என்று முடித்திருந்தேன். தங்கை அதை வாட்ஸ்அப்பில் குடும்பம் முழுக்க அனுப்பினாள். மாப்பிள்ளை படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க மச்சான்," என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எழுதும்போது என்னத்தைக் கண்டேன்?

விழுந்தவரைத் தாண்டி ஒரு பத்தடி போய்த்தான் பிரேக் பிடித்தேன். ஒரு காலை ஊன்றினேன். இன்னொரு கால் பெடலிலேயே இருந்தது. அந்தக் காலுக்குத் தனியாக ஒரு மூளை இருந்திருக்க வேண்டும். அது யோசித்தது. ஐரோப்பாவிலேயே இந்தச் சட்டத்துக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. பந்தயம் முடிகிற கட்டத்தில் நிற்க வேண்டியதில்லை. அவராகவே தப்பு பண்ணி விழுந்தால் நிற்க வேண்டியதில்லை. இதில் உளுந்து எந்தக் கணக்கில் வரும்? அவர் தப்பா? ரோட்டின் தப்பா? பங்குனியின் தப்பா?

புளியமரத்து நிழலிலிருந்து உளுந்துக்குச் சொந்தக்கார அம்மா எழுந்து வந்தார்.

"ஏன்யா, கூட வந்தவரு வியுந்து கெடக்கறாரு, நீ என்னாமோ கணக்கு போட்டுகிட்டு நிக்கிற?"

"நின்னுட்டேனேம்மா."

"எங்க நின்ன? ஒரு காலு ஓடிகிட்டு இல்ல இருக்குது."

இரண்டாவது காலையும் இறக்கினேன்.

விழுந்தது வெறும் போட்டியாளர் என்றால் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். விழுந்தது மாப்பிள்ளை. பெண் கொடுத்த வீட்டுக்காரனுக்கு ஐரோப்பாவைவிடப் பெரிய எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. எழுதின சட்டத்தை மீறினால் அபராதம் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இதை மீறினால் தங்கை போன் பண்ணுவாள்.

மாப்பிள்ளைக்கு இடது முழங்கையில் நல்ல சிராய்ப்பு. மணிக்கட்டு லேசாக வீங்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் எழுந்து உட்கார்ந்தவர் முதலில் கேட்டது, "சைக்கிளுக்கு ஒண்ணும் ஆவலியே மச்சான்?"

"சைக்கிள் நல்லா இருக்கு. உங்களுக்குத்தான் பெயின்ட் போயிடுச்சு."

அந்த அம்மா ஒரு சொம்பு தண்ணீரைக் காயத்தில் ஊற்றினார். அடுத்த நிமிஷமே என் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார். மாப்பிள்ளை வாரிக்கொண்டு போன உளுந்து சாலையோர மண்ணில் இறைந்து கிடந்தது.

"லாரிலாம் ஏறிட்டுப் போவுது, ஒண்ணும் ஆவல. நீங்க என்னாத்துக்கு இது மேல வந்து வியுறீங்க? கூட்டி வுட்டுட்டுப் போங்க."

கூட்டினேன். உலகத்தில் எந்தச் சைக்கிள் வீரனும் போட்டியாளருக்காக நின்று உளுந்து கூட்டியிருக்க மாட்டான்.

மறுபடி ஏறினோம். "வெள்ளாத்துப் பாலம் வரைக்கும் சேந்து போவோம் மாப்ள. பாலம் தாண்டினா ரேஸ்," என்றேன். சரி என்று தலையாட்டினார்.

பாலம் தாண்டியதும் மிதித்தேன் பாருங்கள்... ராகிக் கஞ்சி முழுவதும் வேலை செய்தது. கொஞ்ச தூரம் போனதும் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்ன என்று பார்த்தால், முன்னால் முதுகு இல்லை. திரும்பினேன். மாப்பிள்ளை எனக்குப் பின்னால் பெடலைச் சுற்றாமல் சும்மா உருண்டு வந்துகொண்டிருந்தார்.

"கை வலிக்குதா மாப்ள?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க போங்க மச்சான்."

"செயின் ஏதும்...?"

"எல்லாம் நல்லா இருக்கு. நீங்க மொதல்ல போங்க."

புரிந்துவிட்டது. எனக்காக விட்டுக்கொடுக்கிறார். நாலு வருஷமாக நான் ஏங்கிய வெற்றியை ஒரு தட்டில் வைத்து, மேலே ஒரு வெற்றிலையும் வைத்து நீட்டுகிறார். வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? என்னால் முடியவில்லை. நானும் மிதிப்பதை நிறுத்தினேன்.

"என்ன மாப்ள, பிச்சை போடறீங்களா?"

"மொதல்ல போட்டது யாரு? நின்னது நீங்கதானே."

"நான் ரூலுக்காக நின்னேன்."

"நானும் ரூலுக்காகத்தான் பின்னால வரேன்."

"அப்படி ஒரு ரூலே கெடையாது."

"உங்க ரூல மட்டும் எவன் பார்த்தான்? எழுதாததுதானே."

இதுவரை நான் யோசிக்காத விஷயம் இது. விழுந்தவனுக்காக நின்றால் நின்றவனோடு கதை முடிவதில்லை. விழுந்தவன் மனசில் அது உட்கார்ந்துகொள்கிறது. அதை எப்படியாவது திருப்பிக் கொடுத்தால்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும்.

அவர் வேகத்தைக் குறைக்க, நான் இன்னும் குறைத்தேன். ஒரு ஆடு எங்களைத் தாண்டிப் போனது. டவுன் பஸ் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ரோட்ட அளக்கறீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். எதிரே சிதம்பரத்தின் வரவேற்புப் பலகை தெரிந்தது. அதை நெருங்க நெருங்க இரண்டு பேரும் நின்றுவிடுகிற மாதிரி வந்தோம். ஹேண்டில் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பலகைக்கு ஒரு சைக்கிள் நீளம் இருக்கும்போது மாப்பிள்ளையின் இடது கை வலி தாங்கவில்லை. ஹேண்டில் வெட்டியது. முன் சக்கரம் பலகையைத் தாண்டிப் போய் நின்றது.

நான் இந்தப் பக்கம், கால் ஊன்றாமல், அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தேன். சோப்பு டப்பா வாங்கிய உடம்பு, மறக்கவில்லை. ஸ்லோ சைக்கிள் ரேஸில் மாப்பிள்ளையை அபாரமாக ஜெயித்துவிட்டேன். கடைசிப் பந்தயத்தில் தோற்றுவிட்டேன்.

"இது செல்லாது மச்சான். கை வலியில போயிட்டேன்."

"செல்லும் மாப்ள. வீல் தாண்டிடுச்சு."

"தோத்துட்டேன்னு நானே சொல்றேன், நீங்க ஒத்துக்க மாட்டேங்கறீங்களே."

"நீங்கதான் ஜெயிச்சீங்க. வாய மூடிகிட்டு ஜெயிங்க."

ஓட்டலுக்குள் போயும் ஓயவில்லை. டேவிட் இரண்டாவது ரவுண்டு இட்லியில் இருந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, எதிராளிதான் ஜெயித்தான் என்று அவரிடம் வாதாடினோம். பொறுமையாகக் கேட்டார்.

"ரூல்ல என்ன சார் எழுதியிருக்கு?"

"எழுதலையேப்பா. அதானே பிரச்சனை."

"எழுதாத ரூலுக்கா இவ்ளோ நேரம்? கொத்சு ஆறுது சார்."

சாப்பிட்டோம். மாப்பிள்ளையால் இடது கையால் தண்ணீர் டம்ளரைத் தூக்க முடியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் யார் முதுகு போகும் என்று ஒரு கணம் தோன்றியது. இன்னொரு இட்லி சொன்னேன்.

மணிக்கட்டில் சுளுக்கு, கொஞ்ச நாளைக்குக் கனம் எதுவும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை காலை தங்கையிடமிருந்து போன்.

"அண்ணா, ஓசூருக்குச் சாமான் ஏத்த லாரி வந்துடுச்சு. கூட ரெண்டே ஆளுதான் வந்திருக்காங்க. இவரால கைய அசைக்க முடியல. நீ கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

மஞ்சக்குப்பத்தில் அவர்கள் இருந்தது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. தங்கை கல்யாணத்துக்கு நாங்கள் சீராகக் கொடுத்த இரும்பு பீரோ, கொடுக்கும்போது இவ்வளவு கனம் இல்லை. மேல் பக்கம் இரண்டு ஆட்கள் பிடிக்க, கீழ்ப் பக்கம் நான். முதல் திருப்பத்திலேயே மூச்சு முட்டியது. இரண்டாவது திருப்பத்தில் பீரோவைப் படியில் இறக்கிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன்.

கழுத்தில் தூளி கட்டிய கையோடு, மாப்பிள்ளை எனக்கு முன்னாலேயே கீழே போய்ச் சேர்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவசரமில்ல மச்சான், மெதுவா வாங்க. நான் வெயிட் பண்றேன்."