கடைசி வாங்கின் வெள்ளை வீழ்படிவு

றெஜினா ரீச்சர் காலமான செய்தி பாடசாலை வட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் ஆய்வுகூடத்தில் செய்முறை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வாசித்துவிட்டுத் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். பிள்ளைகளிடம் குழாயை மூடச் சொன்னேன். அடுத்த நாள் குருநகரில் அவரை அடக்கம் செய்தோம். இதை வாசிக்கும், அங்கு வந்திருந்த உங்களில் பலர் அவரைப் பற்றி நல்லதாகவே பேசினீர்கள். அவர் மனதில் கடைசிவரை கிடந்த ஒன்றை நான் சொல்ல வேண்டும்.

பண்டத்தரிப்புப் பக்கம் எங்கள் பாடசாலையில் ரீச்சரும் நானும்தான் இரசாயனம் படிப்பித்தோம். ஒரே ஆய்வுகூடம், ஒரே அலுமாரி, அதன் பூட்டுக்கு ஒரே திறப்பு. அந்தத் திறப்புக்காக நாங்கள் பட்ட சண்டை பாடசாலைக்கே தெரியும். வெள்ளிக்கிழமைகளில் நான் மரக்கறி மட்டும் சாப்பிடுவேன் என்பதால் தன் மீன்குழம்புப் பெட்டியை வெளியே கொண்டுபோய்ச் சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்து வந்து, என்னால்தான் வெயிலில் நிற்க வேண்டி வந்தது என்று சொல்லிக் காட்டாமலும் விடமாட்டார்.

உப்பிலுள்ள எதிரேற்ற அயன்களான அனயன்களை இனங்காணும் சோதனைகளைப் படிப்பிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தேறிய அயன் சமன்பாடு என்றாலே பிள்ளைகள் மிரள்வார்கள். கரைசலில் இருக்கும் எல்லா அயன்களையும் எழுதிவிட்டு, எதை வெட்டுவது, எதை விடுவது என்று தடுமாறுவார்கள். ரீச்சர் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்லுவார்: “கலியாண வீட்டுக்கு ஊரே வரும். சாப்பிடும், கதைக்கும், போகும். கட்டுறது இரண்டு பேர்தான். வெள்ளியும் குளோரைட்டும் கட்டுது. சோடியமும் நைத்திரேற்றும் சாப்பிட வந்த ஆக்கள், வெட்டு.” அந்த வகுப்பிலிருந்து வரும் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஒருமுறை தவணைச் செய்முறைப் பரீட்சைக்குப் பிள்ளைகளிடம் ஒரு வெள்ளை உப்பைக் கொடுத்து, அதிலுள்ள அனயனைக் கண்டுபிடித்துச் சமன்பாடும் எழுதச் சொன்னார். அது சோடியம் நைத்திரேற்று. முன்வரிசை வாங்குகளில் இருந்த பிள்ளைகள் நைத்திரேற்றைக் காட்டும் கபில வளையத்தைக் கண்டு சரியாக எழுதினார்கள். கடைசி வாங்கிலிருந்த நால்வரும் வெள்ளிநைத்திரேற்றை விட்டதும் வெள்ளை வீழ்படிவு கண்டதாகவும், அனயன் குளோரைட்டு என்றும் எழுதியிருந்தார்கள். உப்பை முதல் நாளே தானே சோதித்துப் பார்த்திருந்த ரீச்சர், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாக முடிவு கட்டினார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அவர்களில் தர்சினி என்ற பிள்ளை மட்டும் விடைத்தாளோடு எங்கள் அறைக்கு வந்தாள். “ரீச்சர், நான் பார்த்து எழுதேல்லை. நான் கண்டனான்,” என்றாள். ரீச்சர் தாளை வாங்கவில்லை. இல்லாததை எப்படிக் கண்டாய் என்று மட்டும் கேட்டார். அவள் தாளோடு திரும்பிப் போய்விட்டாள். வெங்காயத் தோட்டம் செய்கிற தகப்பனுக்கு மகள் விஞ்ஞானம் படிப்பதில் முதலே விருப்பமில்லை. பரீட்சையில் கிடைத்த அந்தக் குறைந்த புள்ளியோடு அவளைக் கலைப்பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்த தவணை என் வகுப்பில் ஒரு பிள்ளை, உப்புப் போட மறந்து, வெறும் தண்ணீருக்கே வெள்ளிநைத்திரேற்றை விட்டது. தண்ணீர் பால்போலக் கலங்கியது. காய்ச்சி வடித்த நீர் முடிந்தால் போத்தலைக் குழாயில் பிடித்து நிரப்புவது எங்கள் ஆய்வுகூடத்தின் நெடுநாள் வழக்கம். குழாயில் வருவது பாடசாலைக் கிணற்றுத் தண்ணீர். அதிலுள்ள குளோரைட்டின் உவர்ப்பு எங்கள் நாக்குக்குப் பழகிப்போனது, வெள்ளிநைத்திரேற்றுக்குப் பழகவில்லை. பரீட்சையன்று கடைசி வாங்குப் போத்தலிலும் அந்தத் தண்ணீர்தான் இருந்திருக்க வேண்டும். நான் சோதனைக்குழாயைக் கொண்டுபோய் ரீச்சரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர், “அவள் கண்டிருக்கிறாள், சேர்,” என்றார்.

மற்ற மூவரையும் வகுப்பிலேயே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். தர்சினி அதற்குள் பாடசாலையை விட்டே போயிருந்தாள். அன்று பின்னேரமே அவள் வீட்டைத் தேடிப் போனார். வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டதாகவும், அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகப் போவதாகவும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பிறகு பழைய மாணவர் யாரைக் கண்டாலும் ரீச்சர் விசாரிப்பார். ஒருவர் கனடா என்றார், இன்னொருவர் லண்டன் என்றார். தொலைபேசி இலக்கம் ஒருவரிடமும் இருக்கவில்லை.

அதன்பின் ரீச்சரின் வகுப்பு மாறிவிட்டது. எந்தச் சோதனைக்கும் முன்னால் வெறும் தண்ணீரைச் சோதித்துக் காட்டுவார். விடை பிழையென்றாலும், கண்டதற்குப் பொருந்தச் சமன்பாடு எழுதிய பிள்ளைக்குப் புள்ளி போடுவார். “கண்டதை எழுது. ஏன் எண்டு பிறகு யோசிப்பம்,” என்பதுதான் பிறகு வந்த பிள்ளைகள் அவரிடம் அதிகம் கேட்ட வசனம். அவருடைய நல்ல குணமாக நீங்கள் அன்று சொன்னதெல்லாம் அந்தப் பிள்ளைக்குச் செய்த பிழையிலிருந்து வந்தது. அதை நினைக்க எனக்குத் துக்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது தன் நோயைப் பற்றி அவர் ஒன்றும் கதைக்கவில்லை. “நான் தேடிக் களைச்சுப்போனன், சேர். நீங்கள் கண்டால் அவளிட்டைச் சொல்லுங்கோ,” என்றார். ஓம் என்றேன். எங்கே தேடுவதென்று எனக்கும் தெரியாது. வெறும் தண்ணீரைச் சோதித்துவிட்டு வகுப்பைத் தொடங்கும் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் சொல்லக் கிடைக்காமல் போன சொல்லும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. இதை வாசிப்பவர்களில் யாருக்காவது அந்தப் பிள்ளையைத் தெரிந்தால் அவளிடம் இதைக் காட்டுங்கள்.

தர்சினி, நீ கண்டது உண்மை. உன்ரை சமன்பாடு சரி. ரீச்சர் சொல்லச் சொன்னவ.