எட்டாம் நம்பருக்குச் சளி

எங்கள் பிரெஞ்சு வகுப்பில் மொத்தமே பத்துப் பேர். கோத்தகிரியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு எதற்கு என்று என் அப்பாவே கேட்டார். "மார்க்கை அள்ளிப் போடுவாங்களாமா" என்று அத்தை சொன்னதும் அடங்கிவிட்டார். எனக்கு மார்க் ஒரு பொருட்டே இல்லை. வகுப்புத் தொடங்கிய மூன்றாம் நாளே நான் மனத்தளவில் பாரிஸில் குடியேறி, வீடுகூடப் பார்த்துவிட்டேன்.

மிஸ் கட்டபெட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். அட்டெண்டன்ஸைப் பிரெஞ்சு எண்களில்தான் கூப்பிடுவார். என் எண் ஏழு, அதாவது 'செத்'. அடுத்த எட்டு, 'உயித்', என் அத்தை மகன். "அவ செத்துட்டா, நாந்தான் உயிரோட இருக்கறேன்" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். வந்திருக்கிறேன் என்பதற்குப் பையன்கள் 'ப்ரெஸான்' என்று மூக்கால் முடிக்க வேண்டும். பெண்கள் கடைசியில் ஒரு 'த்' சேர்க்க வேண்டும். மிஸ் வீட்டுப்பாடத்தை மன்னித்தாலும் மன்னிப்பார், அந்த 'த்'தை மன்னிக்க மாட்டார்.

அந்த மொழியில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. இலை பெண்பால், டீ ஆண்பால் என்றார் ஒருநாள்.

"ஏனுங்க மிஸ், பறிக்கறப்பப் பொம்பளை, டம்ளர்ல ஊத்துனா ஆம்பளைங்களா?" என்றான் அத்தை மகன்.

மிஸ் சிரித்து அன்றுதான் பார்த்தோம்.

அந்த வருடம் தேயிலைக்கு விலையே இல்லை. அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, தோட்டங்களிலிருந்து ஃபேக்டரிக்கு இலை ஏற்றும் வண்டி ஓட்டியவர். ஃபேக்டரி இலை எடுப்பதை நிறுத்தியதும் குடும்பத்தோடு திருப்பூருக்கு இறங்கிவிட்டார். "பத்தே நாள்ல வந்துருவோம்" என்றாள் அத்தை. அதனால் அத்தை மகன் டி.சி. வாங்காமலே போனான்.

மறுநாளே தலைமையாசிரியை எங்கள் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "பத்துல ஒண்ணு கொறஞ்சாலும் இந்தக் கிளாஸ் கெடையாது. எல்லாரும் தமிழ் கிளாசுக்குப் போயிருங்க. மிஸ், நீங்களும் வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்." தொடர்ந்து பத்து நாள் வராதவன் பெயரை அடித்துவிடுவார்களாம். வகுப்பு கிடையாது என்றதுதான் என் காதில் நின்றது, மிஸ்ஸுக்குச் சொன்னது நிற்கவில்லை. என் பாரிஸ் வீடு கண்ணெதிரே இடிந்தது.

ஒன்பது நாளும் மிஸ் 'உயித்' என்று கூப்பிட்டார். ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனார். பத்தாம் நாள் நல்ல பனிமூட்டம். உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்து கடைசி பெஞ்சை மூடியிருந்தது.

"உயித்."

நான் தலையைக் குனிந்து, குரலைத் தடியாக்கி, "ப்ரெஸான்த்" என்றேன். பழக்க தோஷத்தில் 'த்' ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. முன் பெஞ்சில் ஒருத்தி தும்முவதுபோலச் சிரித்தாள். மிஸ்ஸின் பேனா நின்றது. பிறகு மெதுவாக ஒரு டிக் அடித்து, தலை தூக்காமலே ஒன்பதாம் எண்ணைக் கூப்பிட்டார்.

வகுப்பு முடிந்ததும் என்னை மட்டும் நிறுத்தினார்.

"உங்க அத்தை பையனுக்குச் சளியா? கொரல் ஒரு மாதிரி இருக்குது."

"ஆமாங்க மிஸ். ரெண்டு நாளாவே."

"சுக்குக் காப்பி குடிக்கச் சொல்லு. நாளைக்கும் வரட்டும்."

அவன் மறுநாளும் வந்தான். அதே சளியோடு அந்த மாதம் முழுக்க ஒரு நாள் தவறாமல் வந்தான்.

அவனுக்காக நான் குரல் கொடுத்த முதல் நாள் சாயங்காலமே திருப்பூருக்கு இன்லேண்டு லெட்டர் எழுதினேன். உன் இடம் பத்திரமாக இருக்கிறது, சீக்கிரம் வா, பத்துப் பேர் வகுப்பில் ஒரு ஆள் குறைவது மிஸ்ஸுக்குத் தெரியவே இல்லை என்று எழுதினேன். இடம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் பெரிய கண்டுபிடிப்பாக இன்னொன்றும் எழுதி அடிக்கோடு போட்டேன்: 'நம்ம மிஸ்ஸுக்கே ஆண்பால், பெண்பால் சரியா வராதுடா. பாவம்.'