பொட்டலத்தில் ஒட்டிய முகம்

போன வாரம் நாகல் நகரில் ஆட்டோவுக்காகக் காத்து நின்றேன். முழங்கால் வலி. நிற்க முடியவில்லை, உட்கார இடமில்லை. எதிரே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர். காதுகுத்தாம். குழந்தையின் படம் ஓரத்தில் சின்னதாக இருக்க, சுற்றிலும் மாமன்மார், சித்தப்பாமார், அவர்களுடைய நண்பர்கள் என்று எத்தனையோ முகங்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். தன் முகம் தெருவில் தொங்குவதில் இவ்வளவு சந்தோஷமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகுதான் ஏறினேன்.

என் முகமும் ஒரு காலத்தில் இந்த ஊர் முழுக்க ஒட்டிக் கிடந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்துவிட்டு, வாயில் போடுகிற புகையிலை விற்கும் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். முதல் மாதம் தும்மிக்கொண்டே கடிதம் அடித்தேன். கருப்பட்டிப் பாகும் புகையிலைக் காரமும் கலந்த வாசனை சேலையில் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் மெல்லத் தள்ளி உட்காருவார்கள். எனக்கு அதில் சௌகரியம்தான்.

எங்கள் ஊரில் வரைந்த படங்களைப் பார்ப்பதற்கென்று அன்றைக்கு யாரும் தனியாகப் போனதில்லை. போகிற வழியில் எல்லாம் இருந்தது. பூட்டுக்கடை போர்டில் கதவளவு பூட்டு இருக்கும், சாவித் துவாரத்துக்குள் இருட்டு கூடத் தெரியும். டிரங்குப் பெட்டி மூடியில் ரோஜாப்பூ. சலூன் கண்ணாடிக்கு மேல் பனிமலையும் ஏரியும். வரைந்தவர் உள்ளூர்க்காரர், அதனால் ஏரிக்கரையில் இரண்டு தென்னைமரம். இவற்றில் பாதிக்கு மேல் சவரிமுத்து என்ற ஒருவரின் கைவேலை. மெலிந்த மனிதர், நாற்பது வயதிருக்கும். எங்கள் கம்பெனிக்கும் போர்டு, சுவர் விளம்பரம், லேபிள் எல்லாம் அவர்தான்.

முதலாளியைப் பார்க்க வந்தால் என் மேஜைக்கு எதிர் பெஞ்சில் காத்திருப்பார். மடியில் அட்டை, கையில் பென்சில். என் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டு மூன்று மாதம் கழித்து சிவகாசியிலிருந்து புது லேபிள் கட்டுகள் வந்து இறங்கின. பொட்டலம் மடிக்கிற பாக்கியம் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

“ஏத்தா, இது நீயில்ல?”

வட்டத்துக்குள் ஒரு பெண், கன்னத்தில் கை, தலையில் மல்லிகைப்பூ. சின்ன வயதில் விழுந்து என் இடது புருவத்தில் ஏற்பட்ட வெட்டு அவளுக்கும் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு வாரம் கண்ணாடி முன்னால் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

அந்த வாரம் முடிந்ததும் மற்றது தொடங்கியது. பெட்டிக்கடையில் சரமாக நான் தொங்கினேன். சுவர் விளம்பரத்திலும் நான்தான். பஸ் ஸ்டாண்டில் கிழிந்து கிடந்தேன். என் மேல் நடந்தார்கள், எச்சில் துப்பினார்கள். நான் போனால், “ஏலே, பொட்டலம் வருதுடா” என்றார்கள். தலையைக் குனிந்தால் தரையிலும் நான்தான்.

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தென்னந்தோப்புக் குடும்பம். எல்லாம் நல்லபடியாகப் போனது. பலகாரம் சாப்பிட்டு, மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலை போட உட்கார்ந்தார். சுருக்குப் பையிலிருந்து புகையிலைப் பொட்டலத்தை எடுத்தார். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, இதுல இருக்கறது உங்க புள்ளைங்களா?”

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். “ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்பறோமுங்க” என்று மரியாதையாகத்தான் எழுந்தார்கள். எந்தச் சேதியும் வரவில்லை. அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அவர்கள் வந்துபோன மறுநாளே சவரிமுத்துவின் கடைக்குப் போனேன். டர்பன்டைன் வாசனையில் தலை சுற்றியது.

“யாரைக் கேட்டு என்னை வரைஞ்சீங்கண்ணே?”

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “லட்சணமா ஒரு முகம் வேணும்னாரு முதலாளி. எனக்கு மனசுல இருந்து முகம் வராது தங்கச்சி. பாத்துத்தேன் வரையத் தெரியும். எதுக்க நீ இருந்த.” பிறகு, “இம்புட்டு ஆகும்னு நெனைக்கல” என்றார். “எல்லாத்தையும் அழிச்சிடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

லேபிளை மாற்றலாமா என்று அவர் முதலாளியிடம் போய்க் கேட்டிருக்கிறார். “படிக்கத் தெரியாத சனம் அந்த மூஞ்சியப் பாத்துத்தான்யா வாங்குது. மாத்துனா யாரு வாங்குவா?” என்று முதலாளி கத்தியது என் மேஜை வரைக்கும் கேட்டது. நான் தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தேன்.

அச்சில் போனதைச் சவரிமுத்துவால் மாற்ற முடியவில்லை. சுவரில் இருந்ததை மாற்றினார். சைக்கிளில் பெயின்ட் டப்பாவை மாட்டிக்கொண்டு சுவர் சுவராகப் போனார். தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். ஏணியில் நின்று என் முகத்துக்கு வேறு மூக்கு வைத்துக்கொண்டிருந்தார். கன்னம் உப்பியிருந்தது. புருவம் நேராகியிருந்தது. பஸ் நிற்கவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

முதலாளிக்குத் தெரிந்ததும் எதிர் பெஞ்ச் காலியானது. மற்றக் கம்பெனிகளும் சவரிமுத்துவைக் கூப்பிடுவதை விட்டன. அவர் குடும்பத்தோடு கோயமுத்தூர்ப் பக்கம் போய்விட்டதாகப் பாக்கியம் சொன்னாள். போகும்போது கம்பெனி வாசலில் செத்த நேரம் நின்றாராம். நான் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன்.

நான் அங்கேயே மேலும் ஏழு வருஷம் டைப் அடித்தேன். வேறு வேலை கிடைக்கவில்லை. பிறகு ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டேன். அவருக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை. எதையும் கேட்காத மனிதர், நானும் எதையும் சொல்லாமலே அவர் காலம் முடிந்துவிட்டது. இதற்கிடையில் லேபிளும் மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவை அச்சடிக்கும்போதும் பழையதைப் பார்த்து யாரோ புதிதாக வரைந்தார்கள். முதலில் புருவ வெட்டு போயிற்று, பிறகு கண் பெரிதாயிற்று. நான் வேலையை விடும்போது அவள் யாரோ ஒருத்தி. நான் பக்கத்தில் நின்றாலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதைத்தானே கேட்டேன்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். தாடிக்கொம்பு ரோட்டுச் சுவர் சாலையை அகலப்படுத்தியபோது போயிற்று. பாக்கியமும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த வயதில் என்னை யாரும் போட்டோ எடுத்ததில்லை. நான் எப்படி இருந்தேன் என்று உற்றுப் பார்த்தவர் சவரிமுத்து ஒருவர்தான். அவரிடம் போய் அழித்துவிடச் சொன்னவள் நான்.