பாதிக் கண்ணாடி பலவேசம்

குற்றாலம் ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் வீட்டில் பழைய ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். படத்தின் பின்பக்கம் ஊதா மையில் ‘பலவேசம், ஐந்தருவி’ என்று முத்திரை இருந்தால் அது என் தம்பி எடுத்தது.

கூடப்பிறந்த தம்பி இல்லை. என் அம்மையைப் பெற்றவளும் அவன் அம்மையைப் பெற்றவளும் அக்கா தங்கை. ஒருத்தியை அச்சன்புதூரில் கொடுத்தார்கள், இன்னொருத்தியைக் கடையத்தில் கொடுத்தார்கள். கடையத்துக்காரியின் மகள் திரும்ப அச்சன்புதூருக்கே வாக்கப்பட்டு வந்தாள். அவள் மகன்தான் பலவேசம். என்னைவிடப் பத்து வயது இளையவன். இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

என்னைக் கட்டிக்கொடுத்தது குற்றாலத்தில். ஐந்தருவிக்குப் போகிற வழியில் எண்ணெய், சோப்பு, துண்டு விற்கிற கடை எங்களுக்கு. எண்பதாம் வருஷம் சீசனுக்கு, யாரிடமோ வாங்கிய பழைய கேமராவோடு வந்து என் கடை வாசலில் நின்றான். அதிலிருந்து முப்பது சீசன் அங்கேதான் நின்றான். அந்த வருஷங்களில் ஆனி பிறந்துவிட்டால் போதும், கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வர முடியாது. எண்ணெய் வழிகிற உடம்புகளும் மங்குஸ்தான் கூடைகளும் குரங்குகளுமாக இருக்கும். நடுவில் பலவேசம் சட்டையில் மேல் பித்தான் இரண்டைக் கழற்றிவிட்டு, உள்ளே கையை விட்டு, வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும் கேமராவை எடுப்பான். சாரலில் குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படிந்துவிடும்; படம் பால் ஊற்றின மாதிரி வரும். அதற்காகத்தான் வயிற்றுச் சூட்டில் வைத்திருப்பது.

இன்னொரு பழக்கமும் அவனுக்கு உண்டு. மற்றவர்கள் கண்ணாடி முழுவதையும் துடைப்பார்கள். இவன் ஒரு பக்கத்தை மட்டும் துடைப்பான். அதனால் அங்கே கடை வைத்திருந்தவர்கள் அவனுக்குப் பாதிக் கண்ணாடி பலவேசம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் கோபப்பட்டது கிடையாது.

எல்லார் கையிலும் செல்போன் வந்தது. அருவிக்கரையில் இவனைத் தேடுவாரில்லை. அந்தச் சமயத்தில் தென்காசியில் ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் ஞானதுரை கூப்பிட்டு அனுப்பினார். அவர் கல்யாணம் முடிந்து அருவிக்கு வந்தபோது படம் எடுத்துக் கொடுத்தவன் இவன். வயிற்றில் சிறு துளை போட்டு, அதன் வழியாகக் குழல் கேமராவை விட்டு, திரையில் பார்த்துக்கொண்டே ஆபரேஷன் செய்கிறவர் அவர். அந்தக் கேமராவைத் துடைத்து, சுத்தம் செய்து, பத்திரமாக வைக்க ஓர் ஆள் வேண்டுமாம். வயிற்றுக்கு வெளியே இருந்த கேமராவை இனிமேல் வயிற்றுக்குள்ளே விடப்போகிறான் என்று சிரித்து அனுப்பினோம்.

அங்கேயும் அதே தொல்லை. குளிர்ந்த அறையிலிருந்து மனிதனுடைய வயிற்றுச் சூட்டுக்குள் போனதும் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். டாக்டர் அதை வெளியே எடுத்து, வெந்நீரில் முக்கி, துடைத்து, மறுபடி உள்ளே விடுவார். ஓர் ஆபரேஷனுக்குள் நாலு தடவை, ஐந்து தடவை. பலவேசத்துக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

டாக்டர் கழித்துப்போட்ட பழைய குழல் கேமரா ஒன்றையும் அதன் திரையையும் கேட்டு வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். ஏன் என் வீடென்றால், என்னிடம்தான் பெரிய இட்லிப் பானை இருந்தது. அதன் மூடியில் என்னைக் கேட்காமலே துளை போட்டான். பானையில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் விட்டு, உள்ளே காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை ஒட்டிவைத்து, துளை வழியாகக் கேமராவை விடுவான். திரையில் தேதி தெரிகிறதா என்று பார்ப்பான். தலைமுடி கனத்தில் ஒரு கம்பி; அதைக் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றுவான், பேட்டரியில் இலேசாகச் சூடேற்றுவான், அவிழ்ப்பான், மறுபடி சுற்றுவான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒன்பது வருஷம் வந்தான். நான் அடுப்படியில் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் ஒருநாள் அந்தக் காலண்டர் தேதி ஒரு மணி நேரம் மங்காமல் நின்றது.

அச்சன்புதூர்ப் பள்ளிக்கூடத்தில் நான் அஞ்சாப்போடு நின்றுவிட்டவள். அவன் பத்து வரைக்கும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தான். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் பள்ளிக்கூடத்துக்கு நூற்றாண்டு வந்தது. மலர் போட வேண்டும், பழைய மாணவர்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மலரைத் தொகுத்த கணேசமூர்த்தி அண்ணாச்சி கடைக்கே வந்து உட்கார்ந்தார். என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? தம்பியைப் பற்றிச் சொன்னேன். கம்பி, பேட்டரி, சூடு, காலண்டர் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணாச்சி அழகாக எழுதி, அருவிக்கரையில் அவன் நிற்கிற படத்தோடு ஒரு பக்கம் முழுக்கப் போட்டார். அந்தப் படத்தைத் தேடிக் கொடுத்தவன் பலவேசம்தான். பத்துப் பிரதி வாங்கி ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் கொடுத்தான். மலரை யாரோ இன்டர்நெட்டிலும் ஏற்றிவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் டாக்டர், இதற்குக் காப்புரிமை வாங்கிவிடு, இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் தன்னுடையது என்று செய்துகொள்வான் என்றார். கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்கிற ஒரு கம்பெனியும் காப்புரிமைக் காகிதம் இருந்தால் செய்து பார்க்கலாம் என்றது. சென்னையில் அந்த வேலை பார்க்கிற ஸ்ரீவித்யா என்ற பெண் விண்ணப்பம் எழுதிப் போட்டாள். பிறகு இரண்டு வருஷம் ஒன்றும் இல்லை. ஒருநாள் காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஆய்வறிக்கை என்று ஒரு காகிதம் வந்தது. ஆறு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

பலவேசம் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. இந்தக் கருவி புதியது அல்ல, விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அச்சில் வந்துவிட்டது என்று ஆய்வாளர் எழுதியிருந்தார். எதில் வந்தது என்றும் எழுதியிருந்தார். அச்சன்புதூர்ப் பள்ளி நூற்றாண்டு மலர், நாற்பத்தோராம் பக்கம். ஆய்வாளருக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது.

எனக்கு உட்கார்ந்த இடம் சுட்டது. ஊரறியப் பெருமை பேசி, பிள்ளையின் ஒன்பது வருஷத்தை நானே வாரிக் கொடுத்துவிட்டேன்.

போனில் ஸ்ரீவித்யா ஒரு வழி சொன்னாள். கண்டுபிடித்தவனுக்குத் தெரியாமல், அவன் சம்மதம் இல்லாமல் வேறொருவர் விஷயத்தை வெளியிட்டிருந்தால் சட்டத்தில் அதற்கு இடம் உண்டாம். அப்படிச் சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

“எழுதிக் குடுத்திரு லே. நான் களவாண்டு சொல்லிட்டேன்னு எழுது. கையெழுத்துப் போடுதேன்,” என்றேன்.

“படத்தக் குடுத்தவன் நானு. பத்துப் புத்தகம் வாங்கி வீசுனவனும் நானு. எந்த மொகத்த வச்சிக்கிட்டு ஒன்னயக் களவாணின்னு எழுதுவேன்?”

“அப்பம் அம்புட்டும் போட்டும்ங்கியா?”

“போனாப் போட்டும்க்கா.”

சொல்லிவிட்டான், ஆனால் எழுந்து போகவில்லை. பானை மூடியில் இருந்த துளையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அது தாங்கவில்லை. நான் அப்படி என்னதான் சொல்லித் தொலைத்தேன், முழுக்க வாசி என்றேன். மலரை எடுத்து வாசித்தான். ‘கம்பியானது வளையல் போல ஒரே சீராகக் கண்ணாடியைச் சுற்றிலும் சுற்றப்பட்டுள்ளது’ என்ற இடத்தில் எனக்கு நாக்கு நிற்கவில்லை.

“அது நாஞ் சொந்தமாச் சேத்தது லே. ஒஞ் சுத்து ஒரு பக்கம் நெருக்கமாவும் ஒரு பக்கம் இடவெளி விட்டும் பாக்கவே அவலட்சணமா இருந்துச்சு. கம்பி பத்தலயோ, கை நடுங்கிட்டோன்னு நெனச்சேன். நாலு பேரு படிச்சிட்டுச் சிரிக்கக் கூடாதுல்லா.”

பலவேசம் புத்தகத்தைக் கீழே வைத்தான். அந்த வரியில் விரலை வைத்து இன்னொரு தடவை வாசித்தான்.

“கொழல்ல இருக்க வெளக்கு வெளிச்சம் ஒரு பக்கமாத்தானக்கா வருது. அந்தப் பக்கம் அதுவாச் சூடாயிரும். எதுத்த பக்கந்தான் ஆவி பிடிக்கும். அதான் அங்கன நெருக்கமாச் சுத்துனேன். ஒரே சீராச் சுத்தினா ஒரு பக்கம் கொதிச்சிரும், ஆளச் சுட்டுரும்.”

“இத அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா.”

“சொன்னேன். நீ மாவு கரைச்சிக்கிட்டு இருந்த.”

மலர் வந்த அன்றே அந்த வரி தப்பு என்று அவனுக்குத் தெரியும். அக்கா ஆசையாகச் சொன்னதைத் திருத்த வேண்டாம் என்று விட்டிருக்கிறான். உடனே ஸ்ரீவித்யாவுக்குப் போன் போட்டான். அவள் விண்ணப்பத்தைப் புரட்டினாள். அந்த ஏற்றத்தாழ்வான சுற்று படத்தோடு உள்ளே இருந்தது. பத்தோடு பதினொன்றாக ஓரத்தில் கிடந்தது. சூடேறும் கம்பி என்னுடையது என்று கேட்பதை விட்டுவிடுவோம், அது மலரோடு போயிற்று, இந்தச் சுற்றை மட்டும் கேட்போம் என்றாள்.

காப்புரிமை அலுவலக விசாரணை வீடியோவில்தான் நடந்தது. டாக்டருடைய அறையில், திரைக்கு முன்னால் வெள்ளைச் சட்டையில் பலவேசம் உட்கார்ந்திருந்தான். கண்ணில் படாமல் கதவோரம் நான். அதிகாரி இங்கிலீஷில் கேட்டதை ஸ்ரீவித்யா தமிழில் சொன்னாள். எதிர்ப்பக்கம் முதலில் மங்கும் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது?

ஐந்தருவியில் காலை வெயில் சாய்வாக விழும் என்றான் பலவேசம். வெயில் பட்ட பாதிக் கண்ணாடி தெளிவாக இருக்கும், படாத பாதிதான் மூடும், அதை மட்டும் துடைத்தால் போதும், முப்பது வருஷம் அப்படித்தான் துடைத்தேன் என்றான். அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்தச் சுற்றுக்கு மட்டும் காப்புரிமை கிடைக்க ஏழு மாதம் ஆனது. கம்பி வைத்துச் சூடேற்றுவதை இனி யார் வேண்டுமானாலும் செய்யலாம். அது என் வாயால் போனது, போனதுதான். கோயம்புத்தூர்க்காரர்கள் முதல் மாதிரிக் கருவியைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அரசாங்கச் சோதனைகள் பாக்கி இருக்கின்றன, அதற்கு முன் மனிதருக்குள் விடக் கூடாதாம்.

காப்புரிமைக் காகிதம் வந்த அன்று நல்ல சாரல். கடை முன்னால் தார்ப்பாயை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். தொப்பலாக நனைந்துகொண்டு வந்தான். குடை எங்கே என்று கேட்டேன். சட்டையில் மேல் பித்தான் இரண்டைக் கழற்றி, வயிற்றோடு ஒட்டியிருந்ததை உள்ளே கையை விட்டு எடுத்தான். பாலித்தீன் உறைக்குள் காகிதம் காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. இங்கிலீஷில் இருந்த அவன் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னேன். மீதி எனக்குப் புரியாது.